ஸ்கேனர் எந்த பார்ட் என்று சொல்லாது

போன வாரம் ஒரு வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கூடவே வந்து இறங்கிய உரிமையாளர், வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு அட்டைப்பெட்டியை என் மேசையில் வைத்தார். திறந்து பார்த்தால் இரண்டு ஆக்சிஜன் சென்சார், ஒரு ஏர் ஃப்ளோ சென்சார், ஒரு பெட்ரோல் பம்ப், நான்கு ஸ்பார்க் பிளக். "இவ்வளவும் மாத்தியாச்சு சார். செக் எஞ்சின் லைட்டு மட்டும் போகலை" என்றார்.

இந்த மாதத்தில் என் மேசைக்கு வந்த மூன்றாவது பெட்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருந்த எதுவும் கெட்டுப்போகவில்லை. பழைய ஏர் ஃப்ளோ சென்சாரைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தேன். புதியது காட்டிய அளவையே அதுவும் காட்டியது. கெட்டிருந்தது விரல் நீளத்தில் ஒரு ரப்பர் ஹோஸ். கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டியில் சேரும் புகையை, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் ஹோஸ் அது. மேலே இருந்து பார்த்தால் புதுசு போல இருந்தது. வளைவின் அடிப்பக்கம் விரலை விட்டு லேசாக மடக்கினால், வெடிப்பு வாயைத் திறந்தது.

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன் செக் எஞ்சின் லைட் எரிந்திருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர் ஒன்றை நண்பர் கொடுக்க, அதைச் செருகினார். போனில் பி0171 என்று ஒரு கோடு (code), அதாவது கோளாறு எண் வந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். இணையத்தில் தேடினார், 'ஆக்சிஜன் சென்சார் மாற்றவும்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாற்றினார், கோடை அழித்தார். இரண்டு நாளில் லைட் திரும்ப வந்தது. அடுத்த பார்ட், அடுத்த அழிப்பு. இப்படியே நான்கு மாதம்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோடு என்பது பார்ட்டின் பெயர் கிடையாது. திரும்பச் சொல்கிறேன், கோடு என்பது பார்ட்டின் பெயர் கிடையாது. பி0171 என்ற கோடை எழுப்பியதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, 'இங்கே ஆக்சிஜன் மிஞ்சி வருகிறது, என்னவென்று பாருங்கள்' என்று ஒழுங்காகத் தகவல் சொல்லியிருக்கிறது. திருட்டு நடக்கிறது என்று ஓடிவந்து சொன்னவனையே கட்டிவைத்து உதைத்தால் எப்படியோ, அப்படித்தான் அதைக் கழற்றி எறிவதும். புதிதாக மாட்டிய சென்சாரும் அதே தகவலைத்தான் சொல்லும். சொன்னது.

இன்னும் சில உதாரணங்கள் சொன்னால் புரியும். பி0128 என்றால் எஞ்சின் சேர வேண்டிய வெப்பத்தை நேரத்துக்குள் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவத்துக்கு வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட், திறந்தபடியே மாட்டிக்கொண்டது காரணமாக இருக்கும். கூலன்ட் குறைந்திருந்தாலும் இதே கோடு வரும். மாற்றுவதோ டெம்பரேச்சர் சென்சாரை. பி0442 என்றால் பெட்ரோல் ஆவி எங்கோ கொஞ்சமாகக் கசிகிறது. டேங்க் மூடியை ஒழுங்காகத் திருகாமல் விட்டிருந்தாலே போதும், வந்துவிடும். மூடியை இறுக்கினாலும் லைட் உடனே அணையாது. சில முறை ஓட்டிய பிறகுதான் அணையும். அதற்குள் பொறுமை இழந்து ஏதாவது ஒரு வால்வை மாற்றிவிடுவார்கள். பி0420 வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பலவீனம் என்று பொருள். சரி, அது உண்மையாகவே போயிருக்கலாம். ஆனால் அது தானாகச் சாவது அரிது. எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, மிஸ் அடிக்கிறதா (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுகிறதா) என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

இந்தக் கோடு முறை மெக்கானிக் பிழைப்பதற்காகக் கொண்டுவந்ததும் அல்ல. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கியது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அமெரிக்க விதியின் பொதுவான கணக்கு, புகை அளவு அனுமதித்த வரம்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும் என்பது. அதனால்தான் 'வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் லைட் எரியுது' என்ற கேள்வி வருகிறது. உங்கள் காலுக்குத் தெரியாத கோளாறையும் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்யூல் டிரிம் என்று ஒரு எண் இருக்கிறது. கலவையைச் சரிக்கட்ட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் அதில் காட்டும். புளூடூத் ஸ்கேனரிலும் இது தெரியும், ஆனால் யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. பூஜ்யத்தை ஒட்டி, பத்துக்கு உள்ளே இருந்தால் கவலை இல்லை. இந்த வண்டியில் ஐடிலிங்கில் கூட்டல் 24. ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் கூட்டல் 5. எனக்கு அது போதும். ஓட்டை வழியாக நுழையும் காற்று, எஞ்சின் கொஞ்சமாக மூச்சுவிடும்போதுதான் கணக்கைக் கெடுக்கும். நிறைய மூச்சுவிடும்போது அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். பம்ப் பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக, வேகத்தில்தான் எண் ஏறும். இன்டேக்குக்குள் ஸ்மோக் மெஷினால் புகையை ஏற்றினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு இழை எழும்பியது.

நாலு பார்ட்டும் நாலு மாதமும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கதை இதோடு முடியவில்லை. லாரியில் வந்ததற்குக் காரணம் வேறு. வெடிப்பு பெரிதாகிப் பெரிதாகி எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. செக் எஞ்சின் லைட் எரிவதை விட்டுவிட்டுக் கண் சிமிட்ட ஆரம்பித்திருக்கிறது. "எப்பவாவதுதான் சிமிட்டும் சார், அப்புறம் நின்னுடும்" என்றார்.

ஐயா, அம்மா, தயவுசெய்து இதை மட்டும் மனதில் வையுங்கள். மஞ்சள் லைட் நிலையாக எரிந்தால் சில நாளுக்குள் காட்டினால் போதும். அதே லைட் சிமிட்டினால் உடனே காலைத் தூக்குங்கள், வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அது அலறுகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொண்டால் எஞ்சினால் மூச்சை வெளியே விட முடியாது. இந்த வண்டியில் முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினேன். ஐடிலிங்கில் முள் கிட்டத்தட்ட அசையவே கூடாது. அது எழுந்து நின்றது. ஹோஸ் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, வண்டியிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்றில் போய் முடிந்தது.

சிவப்பு விளக்கு வேறு வகை. ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால் 'வீடு போய்ப் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே இருக்கக் கூடாது. அது ஆயிலின் அழுத்தத்தைச் சொல்கிறது, அடுத்த திருப்பம் வரைகூடத் தாங்காது. இன்ஜினை அணையுங்கள். வெப்பம் சிவப்புக்குப் போனாலும் அப்படியே. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பதை இன்னும் எத்தனை வருடம் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம், கூலன்டின் நிறத்தைப் பார்த்து 'இதுவும் பச்சை, அதுவும் பச்சை' என்று கலப்பதும் வேண்டாம். நிறம் ஒரு தரக்குறியீடு கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அந்தப் புத்தகத்தை டாஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படியுங்கள்.

சரி, கோடை அழிப்பதைப் பற்றி. அழித்தால் லைட் மட்டும் போவதில்லை. கோளாறு வந்த அந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எவ்வளவு சுமை என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்போம். எங்களுக்கு அதுதான் பிடிமானம். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் அதுவும் போய்விடும். கம்ப்யூட்டர் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் முடிவுகளும் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். பேட்டரி கேபிளைக் கழற்றிவைப்பதும் பல வண்டிகளில் இதே காரியத்தைத்தான் செய்யும். கோடு வந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள்.

பேட்டரி என்றதும் நினைவு வருகிறது. சில வயதான மெக்கானிக்குகளுக்கு இன்னமும் ஒரு பழக்கம்: டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றுவார்கள். என் குருவும் செய்தார், அவர் காலத்து வண்டிகள் தாங்கின. இன்றைய வண்டியில் பேட்டரிதான் மின்னழுத்தத்தின் துள்ளலை உறிஞ்சி வைத்திருக்கிறது. அதைத் திடீரென்று எடுத்தால் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரையே கொண்டுபோகும். யாராவது உங்கள் வண்டியில் இதைச் செய்யக் கையை நீட்டினால் பிடித்து நிறுத்துங்கள், பெரியவர் என்று பார்க்காதீர்கள். ஒரு மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12 என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும்.

ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரியையும் எர்த் கேபிளையும் பாருங்கள். பத்து கோடு வந்தாலும் காரணம் ஒன்றாக இருக்கலாம். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வண்டிக்கு ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரணமானது சீக்கிரம் செத்துவிடும். சில வண்டிகளில் புது பேட்டரி வந்ததை ஸ்கேனர் வழியாகப் பதிந்தும் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. செய்யுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பிரேக் பேடை மாற்றும்முன் அதைச் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனை அழுத்தித் தள்ளாதீர்கள், மோட்டார் உடையும். மஞ்சள் கனெக்டர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக், தொடாதீர்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு கேபிள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், அங்கே உயிர் போகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், பல வண்டிகளுக்குச் சொல்லியிருக்கும் இரண்டு வருடக் கணக்கை மதியுங்கள். எஞ்சின் பகுதியில் பிரஷர் வாஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்த மறுநாள் வரும் வண்டிகளால்தான் என் பிழைப்பு பாதி ஓடுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

மெக்கானிக் தம்பிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கோடைப் பார்த்து பார்ட் மாற்றியவன்தான். ஒரு வண்டிக்கு மூன்று இக்னிஷன் காயில் மாற்றிய பிறகு, ஒயரை எலி கடித்திருந்ததைப் பார்த்தேன். அந்த மூன்று காயிலின் பணத்தை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்தபோதுதான் புத்தி வந்தது. சோதித்துப் பார்க்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுத்தான் பார்ட் விற்றுச் சரிக்கட்டுகிறோம். வாடிக்கையாளரும் 'சும்மா பார்த்ததுக்கா காசு' என்று கேட்காதீர்கள். பார்ப்பதுதான் வேலை, மாட்டுவதை யாரும் செய்துவிடலாம்.

வண்டியைக் கொண்டுவரும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்: லைட் எப்போது எரிந்தது, எஞ்சின் சூடா குளிரா, மேட்டிலா சமதளத்திலா, ஏசி ஓடியதா, அதற்கு முன் பெட்ரோல் போட்டீர்களா, மழையில் ஓட்டினீர்களா. இதுவரை யார் எதைத் தொட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 'யாரும் கையே வைக்கலை சார்' என்று சொல்லிவிட்டு நிற்பவர்களின் வண்டியில் புதுசாகப் பளபளக்கும் போல்ட்டுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

அட்டைப்பெட்டிக்காரர் நேற்று வண்டியை எடுத்துப் போனார். பழைய ஏர் ஃப்ளோ சென்சாரையும் பம்பையும் உபரியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஹோஸை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேசையில் கிடக்கிறது, மடக்கினால் இப்போதும் வாயைத் திறக்கிறது.