சொல் விளக்கம்: முகஸ்துதி, பந்தம், வஞ்சப்புகழ்ச்சி

இலங்கையின் மலையகத்தில் ஒருவர் மேலிடத்தில் உள்ளவரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் ‘பந்தம் பிடிக்கிறார்’ என்பார்கள். சிங்களத்திலும் ‘பந்தம் அல்லனவா’ என்று இதே வழக்கு உண்டு. கண்டி எசல பெரஹெரா ஊர்வலத்தில் கொப்பரா எரியும் பந்தங்களை ஏந்தி நடப்போரைப் பார்த்தவருக்கு இச்சொல்லின் படம் உடனே விளங்கும்: வெளிச்சம் ஊர்வலத்துக்கு, புகையோ பந்தத்தைப் பிடிப்பவருக்கு.

எழுத்தில் இதற்கு நாம் கையாளும் ‘முகஸ்துதி’ வடமொழித் தொகைச்சொல். ஸ்துதி என்பது புகழ். ஆகவே முகத்துக்கு நேரே சொல்லும் புகழ் என்பது பொருள். தமிழில் முகப்புகழ்ச்சி எனலாம். சிலர் ‘முகமன்’ என்று எழுதுகிறார்கள். வந்தவரை இன்சொல்லால் வரவேற்கும் நல்ல சொல்லை இப்படி அழுக்காக்குவது எனக்கு உடன்பாடில்லை.

இவை யாவும் ஆதாயம் தேடுபவரின் புகழ்ச்சியையே குறிக்கின்றன. போட்டியாளரை, உள்ளே பொறாமையால் வெந்துகொண்டே புகழ்வது வேறு. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில், கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையின் வேலைமேல் கண்வைத்திருக்கும் ஒருவர், தோட்ட அதிகாரியான தொரையும் கொழுந்தெடுக்கும் பெண்களும் கேட்கும்படி, “நிறுக்கிறதுல நம்ம அண்ணன அடிச்சிக்க ஆளே இல்லீங்க, தராசே அவரு சொன்னபடி கேக்கும்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணனும் சிரிப்பார்; ஆனால் நிறுவையில் கிலோ குறைகிறது என்ற மனக்குறை தோட்டங்களில் புதிதல்ல என்பதால், அன்று மாலை கூடையை இறக்கும் ஒவ்வொருவரும் தராசின் முள்ளை ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பார்கள்.

இதற்குப் பொருத்தமான சொல் வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதுமான அணிக்கு இலக்கணத்தார் இட்ட பெயர் அது. ‘தேவர் அனையர் கயவர்’ என்னும் குறளை (1073) அதற்குச் சான்றாகப் பள்ளியில் படித்திருப்போம். அணியில் கேட்பவருக்குப் பழிப்பு விளங்கினால்தான் சுவை. அழுக்காறு கொண்டவரின் புகழ்ச்சியிலோ புகழப்படுபவருக்கு அது விளங்காமல் இருந்தால்தான் காரியம் நடக்கும். இந்த வேறுபாடு இருந்தும் சொல் பொருந்துகிறது என்பதற்குக் கூடாநட்பு அதிகாரமே துணை:

முகத்தின் இனிய நகாஅ அகத்தின்னா
வஞ்சரை அஞ்சப் படும். (824)

முகத்தில் இனிமையும் அகத்தில் தீமையும் உடையவரை வள்ளுவர் ‘வஞ்சர்’ என்றே அழைக்கிறார். அவர் வாயிலிருந்து வரும் புகழ்ச்சிக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளையைக் கேட்டால், பெயர் எதுவானாலும் சரி, முதலில் புதுத் தராசு ஒன்றை வாங்கித் தரும்படி தொரையிடம் சொல்லுங்கள் என்பார்.