தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

புள்ளியியல் ஆலோசகரான என்னிடம் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறார்கள். வினாத்தாள்களைக் கொடுத்து வாங்கி, எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றிவிட்டு, "மேடம், டேட்டா ரெடி. என்ன டெஸ்ட் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்பார்கள். "எதைத் தெரிஞ்சுக்கறதுக்காக இவ்வளவும் கேட்டீங்க?" என்றால் தலைப்பை ஒப்பிப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் வந்த மாணவியின் தலைப்பு 'கல்லூரி மாணவர்களின் கைப்பேசிப் பயன்பாடும் தூக்கமும்'. வினாத்தாளில் 42 கேள்விகள். பேசப் பேச, அவருக்குள் உண்மையிலேயே ஒரு கேள்வி இருந்தது தெரிந்தது: படுக்கப்போகும் நேரத்தில் கைப்பேசி பார்ப்பவர்கள், பகலில் அதே அளவு பார்ப்பவர்களைவிடக் குறைவாகத் தூங்குகிறார்களா? நல்ல கேள்விதான். ஆனால் 42 கேள்விகளில் ஒன்றுகூட எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதோடு சரி. அதற்கு எந்த டெஸ்டும் மருந்தில்லை.

தலைப்பு என்பது பேசுபொருள். ஆய்வுச் சிக்கல் என்றால் எங்காவது ஒன்று உறுத்த வேண்டும். ஒத்துப்போக வேண்டிய இரண்டு விஷயங்கள் ஒத்துப்போகாமல் இருக்கும்; முந்தைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்; முடிவெடுக்க வேண்டியவர் கையில் அதற்கான தகவல் இருக்காது.

இதை விளக்க நான் வழக்கமாகச் சொல்வது வியன்னா பொது மருத்துவமனையின் கதை. 1846இல் அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்ற முதல் பிரிவில் தாய்மார்களின் இறப்பு 11 சதவீதத்துக்கு மேல். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற இரண்டாம் பிரிவில் 3 சதவீதத்துக்கும் கீழ். 'பிரசவக் காய்ச்சல் ஏன் வருகிறது' என்று பொதுவாகக் கேட்டவர்களுக்குக் காற்று, வானிலை என்று ஆயிரம் பதில்கள் கிடைத்தன. அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் கேள்வியைக் குறுக்கினார்: ஒரே மருத்துவமனைக்குள் இந்த வித்தியாசம் ஏன்? அப்படிக் கேட்டதும் பல பதில்கள் தாமாக உதிர்ந்தன. வானிலை இரண்டு பிரிவுகளுக்கும் ஒன்றுதான். நெரிசல் காரணமென்றால், இரண்டாம் பிரிவில்தான் கூட்டம் அதிகம். பிறகு, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமான சக மருத்துவர் ஒருவர் கிட்டத்தட்ட அதே அறிகுறிகளோடு இறந்தது வழிகாட்டியது. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தவை முதல் பிரிவு மாணவர்களின் கைகள். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். 1848இல் முதல் பிரிவின் இறப்பு ஒன்றேகால் சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்ற கோட்பாடு நிலைபெறாத காலம் அது. அவரிடம் இருந்தது ஒழுங்காக வெட்டியெடுத்த ஒரு கேள்வி.

'இதுவரை யாரும் ஆராயவில்லை' என்பதை மட்டும் ஆய்வு இடைவெளி என்று எழுதாதீர்கள். யாரும் ஆராயாமல் கிடப்பவை கோடி. ஆராயத் தேவையில்லாததால்கூட விட்டிருக்கலாம். தெரியாததால் யாருக்கு என்ன சிரமம் என்று இரண்டு வரி எழுத முடிந்தால் அது இடைவெளி.

நோக்கம் எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் தேவை. 'விவரிப்பது', 'ஒப்பிடுவது', 'தொடர்பைக் காண்பது', 'விளைவை மதிப்பிடுவது' ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு ஆய்வுகள். எனக்கு அலுத்துப்போன சொல் 'தாக்கம்'. ஒரே ஒரு முறை வினாத்தாள் கொடுத்து வாங்கிவிட்டு 'கைப்பேசியால் தூக்கத்தில் ஏற்படும் தாக்கம்' என்று எழுதுகிறார்கள். தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தவரையும், கைப்பேசி பார்த்ததால் தூக்கம் கெட்டவரையும் அந்த வினாத்தாளால் பிரித்துக் காட்ட முடியாது. 'தொடர்பு' என்று எழுதினால் போதும். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் பாதி வேதனை குறையும். அனுபவங்களை ஆழமாகக் கேட்டறியும் பண்புசார் ஆய்வுக்கு 'எப்படி', 'என்ன' என்று தொடங்கும் கேள்விகள் பொருந்தும். அங்கே கருதுகோளை, அதாவது முன்கூட்டியே ஊகித்த விடையை, திணிக்க வேண்டாம்.

கேள்வி தேறுமா என்று பார்க்க ஒரு வழி: தரவு எடுப்பதற்கு முன்பே முடிவு அட்டவணைகளை வெறும் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். எந்தக் கட்டத்தை எந்த வினா நிரப்பும் என்று கோடு போடுங்கள். கட்டம் கிடைக்காத வினாவைத் தூக்கிவிடலாம். வினா கிடைக்காத கட்டம்தான் ஆபத்து.

இதைச் செய்யாதவர்கள் தரவைக் கிண்டிக் கிடைத்ததைக் கேள்வியாக்குவார்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் 5 சதவீத அளவில் (இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டிவிட ஒவ்வொரு சோதனைக்கும் 5 சதவீத வாய்ப்பு) 20 தனித்தனிச் சோதனைகள் போட்டால், ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' என்று தற்செயலாக வர வாய்ப்பு 64 சதவீதம். கிடைத்த முடிவுக்கேற்பக் கருதுகோளைப் பின்னால் எழுதி, முதலிலேயே நினைத்ததாகக் காட்டும் இந்தப் பழக்கத்துக்கு நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1998இல் 'ஹார்க்கிங்' என்று பெயரே வைத்தார்.

அந்த மாணவிக்கும் ஒரு குறுக்குவழி இருந்தது. இருக்கிற தரவுக்குப் பொருந்த வேறு கேள்வி எழுதியிருக்கலாம். ஒரு வாரம் யோசித்துவிட்டு, கட்டங்கள் வரைந்த தாளோடு வந்தார். கைடிடம் பேசி, மறுபடி தரவு சேகரிக்கப் போனார். இந்த முறை வினாத்தாளில் 11 கேள்விகள்.