ஓபராவில் ஞானப்பாட்டு வந்தால், அது எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்

சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள் ஓபரா என்னும் மேலைநாட்டு இசைநாடகம் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். தெரிந்த ஞானப்பாட்டின் ராகம் மேடையில் எழுந்ததும் மனம் ஆராதனைக்குப் போய்விடும். சிலருக்குக் கண் கலங்கும். சிலருக்கோ "இதையெல்லாம் நாடகத்தில் பாடலாமா?" என்று கோபம் வரும். கொயருக்கும் தனிக்குரலுக்கும் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் இரண்டு வகையினரையும் பார்க்கிறேன். இருவருமே அந்த நேரத்தில் மேடையில் நடப்பதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

சர்ச்சில் ஞானப்பாட்டு கடைசிச் சரணம் வரை போகும், ஆமென் வரும். ஓபராவில் அப்படி விடுவது அபூர்வம். அதனால் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாட்டு எங்கே அறுபடுகிறது, அறுப்பது யார் என்பதைத்தான்.

மேயர்பீர் இசையமைத்து 1836-இல் பாரிஸில் அரங்கேறிய 'லே யூகனோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1572 ஆகஸ்டில் புனித பர்த்தொலொமேயு நாளில் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் படுகொலை செய்யப்பட்டதுதான் கதைக்களம். லூத்தரின் 'ஐன் ஃபெஸ்டே புர்க்' (தேவனே அரணான கோட்டை என்னும் ஞானப்பாட்டு) ராகத்தோடுதான் ஓபராவே தொடங்குகிறது. தரங்கம்பாடி மிஷன் வழிவந்த நம் லூத்தரன் சபைகளுக்கும் பழகிய ராகம் அது. முதல் அங்கத்தில் கத்தோலிக்கப் பிரபுக்களின் விருந்துக்கு நடுவே மார்செல் என்ற கிழட்டுச் சிப்பாய் அதைப் பிடிவாதமாகப் பாடுகிறான். விருந்தாளிகளுக்கு அது வேடிக்கை. ஐந்தாம் அங்கத்தில் அதே ராகம் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளிருந்து கேட்கிறது. உள்ளே ஒளிந்திருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். கொலைகாரர்கள் நுழைகிறார்கள், பாட்டு நின்றுவிடுகிறது.  அது நின்றுபோனதை வெளியே நிற்பவர்களும் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் 1837-இல் இதைக் கடுமையாகச் சாடி எழுதினார். தன் சபையின் அருமையான பாட்டை மேடையில் கத்துகிறார்களே என்ற ஆத்திரம். வரலாற்றுப்படியும் குறை உண்டு. பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் பாடியது ஜெனீவா சங்கீதங்களை (வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாக்கியவை), லூத்தரின் பாட்டை அல்ல. ஆனாலும் மேயர்பீர் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. ஒரு பாட்டு அறுபடுவது வலிக்க வேண்டுமென்றால், அது எப்படி முடியும் என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். (மூனிச்சில் இந்தக் கதையை இங்கிலாந்துப் புராட்டஸ்டண்டுகளான ஆங்கிலிக்கன்களும் ப்யூரிட்டன்களும் மோதுவதாக மாற்றித்தான் மேடையேற்றினார்கள். அவ்வளவு பயம்!)

வாக்னரின் 'டீ மைஸ்டர்சிங்கர்' (1868) நேர் எதிர். நியூரம்பர்க் கோயிலில் சபை யோவான் ஸ்நானகனைப் பாடுகிறது. பழைய பாட்டு மாதிரியே இருக்கும், ஆனால் வாக்னரே எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு சபை மூச்சு வாங்கும் இடைவெளியில் காதலர்களான வால்டரும் ஏவாவும் கண்ணால் பேசிக்கொள்வதை ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. ஞாயிறு ஆராதனையில் நம் இளசுகள் செய்யாததா என்ன?

இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்' (1945) இரண்டாம் அங்கத்தில் ஆராதனை நடப்பது மேடைக்கு வெளியே. கடற்கரையில் ஊர்ப் பள்ளி ஆசிரியை எல்லன், மீனவன் கிரைம்ஸின் வேலைக்காரப் பையனின் கழுத்தில் காயத்தைக் காண்கிறாள். உள்ளே பாட்டும் ஜெபமும் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அதுதான் உறுத்துகிறது.

கொயரில் பாடுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது கார்லைல் ஃப்ளாய்டின் 'சுசானா' (1955). ஃப்ளாய்ட் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன். அமெரிக்காவின் டென்னசி மலைக் கிராமத்தில் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. செய்யாத பாவத்துக்காக ஊர் ஒதுக்கிய பெண் சுசானா. பிரசங்கியார் அழைக்க அழைக்க, மனந்திரும்ப முன்னே வரச்சொல்லும் அழைப்புப் பாட்டைச் சபை பாடிக்கொண்டே இருக்கிறது. அவள் மயங்கியவள் போல் முன்னே நடந்து வருகிறாள். கடைசி நொடியில் பிரசங்கியாரின் முகத்தைப் பார்த்து, "இல்லை" என்று கத்திவிட்டு ஓடுகிறாள். இங்கே பாட்டை அறுப்பது அவள்தான். நம் கன்வென்ஷன் பந்தல்களில் "இன்னும் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லிச் சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இதைப் பாடவந்தால் சிலர் குரலில் மிரட்டலைக் கூட்டுகிறார்கள். வேண்டாம். சபைக்குத் தான் மிரட்டுவதே தெரியாது. மிருதுவாக, நல்லெண்ணத்தோடு பாடினால்தான் காட்சி குலைநடுங்க வைக்கும்.

மொத்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' (1791) தனி ரகம். கவசம் அணிந்த இரு காவலர்கள் பாடுவது லூத்தரின் பன்னிரண்டாம் சங்கீதப் பாட்டின் ராகம். வார்த்தைகள் முற்றிலும் வேறு. கத்தோலிக்க வியன்னாவில் அதை எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள்?

அறுபடாத ஞானப்பாட்டு வேண்டுமென்றால் பிரிட்டனின் 'நோயிஸ் ஃப்ளட்' (1958) இருக்கிறது. நோவாவின் கதை. சஃபோக்கில் ஆர்ஃபர்ட் கோயிலில் முதலில் நடந்தது, பாத்திரங்களில் பெரும்பாலும் குழந்தைகள். புயலின் உச்சத்தில் பேழைக்குள் இருப்பவர்கள் கடற்பயணிகளுக்கான ஜெபப் பாட்டைத் தொடங்க, பார்வையாளர்களும் எழுந்து சேர்ந்துகொள்ள வேண்டும். முடிவில் வருவது டாலிஸ் கேனன், பிஷப் கென்னின் மாலை ஞானப்பாட்டுக்குப் பாடும் அதே ராகம். ஒரு பிரிவு தொடங்கிய பிறகு இன்னொரு பிரிவு பின்தொடரும். பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலேயே இரண்டு பேராக ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.