பாவாடை வழியே தெரியும் தரை

லண்டன் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் பீட்டர் டி ஹூக் 1658 வாக்கில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. கட்டம் போட்ட தரை, உயரமான ஜன்னல்கள், மேசையருகே இரண்டு ஆண்கள், மதுக்கோப்பையுடன் நிற்கும் ஒரு பெண், வலப்பக்கம் ஒரு பணிப்பெண். அந்தப் பணிப்பெண்ணின் பாவாடையை உற்றுப் பாருங்கள். அதற்குள் தரைக் கட்டங்கள் தெரியும்!

ஆயில் பெயின்டிங் பழக நான் பார்த்து வரைந்த படம் இதுதான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் வேலை நடந்த வரிசையை அதுவே காட்டிக்கொடுக்கிறது. முதலில் அறை, அப்புறம்தான் ஆட்கள்.

அறையை வரைய அக்கால டச்சு ஓவியர்கள் எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். நம்மை விட்டு விலகிப்போகும் இணைகோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வது போலத் தெரியும் அல்லவா? அந்தப் புள்ளியில் ஊசி குத்தி, சுண்ணாம்பு தடவிய நூலைக் கட்டி இழுத்துச் சுண்டுவார்கள். தச்சர் பலகையில் நூல் அடிக்கிற அதே வேலை. அதே காலத்து டச்சு ஓவியர் வெர்மீரின் பல ஓவியங்களில் அந்த ஊசித்துளை இன்றும் இருக்கிறது. புள்ளி நிற்கும் உயரம்தான் பார்ப்பவரின் கண்மட்டம். அது நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருந்தால், அதே தரையில் அதே உயரமுள்ளவர் எவ்வளவு தள்ளி நின்றாலும் அவர் கண்ணும் அந்தக் கோட்டிலேயே வரும். என் முதல் பிரதியில் பணிப்பெண் தரையில் நிற்காமல் மிதந்தாள். இதைக் கவனிக்காததுதான் காரணம்.

சரி, பாவாடை ஏன் ஊடு தெரிகிறது? வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. காய்ந்த வேட்டியில் நூலுக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) வெகுவாக வேறுபடுவதால் ஒளி சிதறி, துணி வெள்ளையாக மறைக்கிறது. இடுக்கில் நீர் புகுந்ததும் வேறுபாடு குறைந்து, ஒளி ஊடுருவுகிறது. பெயின்டிலும் அப்படித்தான்: அக்கால ஓவியர்களின் வெள்ளைப் பொடியான ஈய வெள்ளையின் எண் சுமார் 2.0, அதைக் குழைக்கும் புதிய ஆளிவிதை எண்ணெய்க்குச் சுமார் 1.48. இந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொண்டு கெட்டிப்படுகிறது. ஆண்டுகள் போகப்போக அதன் எண்ணும் ஏறி, பொடிக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. ஈயமும் எண்ணெயோடு வினைபுரிந்து சோப்பு போன்ற பொருளாகிறது. மெல்லிய பூச்சு கண்ணாடி போல ஆகி, அடியில் முன்பே வரைந்த கட்டங்களைக் காட்டிவிடுகிறது.

இன்றைய டைட்டானியம் வெள்ளையின் எண் 2.5-க்கும் மேல், அதனால் நன்றாக மறைக்கும். இருந்தாலும் இப்போதெல்லாம் ஆள் நிற்கப்போகும் இடத்தில் நான் கட்டமே போடுவதில்லை.