அழகான படங்களைச் சேர்த்துவைத்தால் மட்டும் யோசனை வராது

புத்தக வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "என்ன யோசித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் பின்ட்ரெஸ்ட்டில் சேர்த்துவைத்த படங்களைத்தான் காட்டுகிறார்கள். எல்லாமே அழகான படங்கள். ஆனால் அவற்றிலிருந்து உருவாகும் அட்டை ஏற்கெனவே எங்கேயோ பார்த்தது போல இருக்கிறது. முடிந்த வேலையை மட்டும் பார்த்தால் அதன் தோற்றம்தான் கைக்கு வரும். அந்தத் தோற்றம் எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்பது அதில் தெரியாது.

அன்னா அட்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்பட அச்சுகளைக் கொண்ட முதல் புத்தகம் என்று சொல்லப்படும் பிரிட்டிஷ் கடற்பாசித் தொகுப்பை 1843இல் வெளியிடத் தொடங்கியவர். அந்தப் புத்தகப் படங்களின் ஆழ்ந்த நீலத்தை இன்று ஒரு ஸ்டைலாகப் பலரும் எடுத்தாள்கிறார்கள். அவருக்கு அது ஸ்டைல் இல்லை. அவ்வளவு நுணுக்கமான பாசிகளைப் பிழையில்லாமல் வரைவது கடினமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் சயனோடைப் என்ற நீல அச்சு முறையைக் கண்டுபிடித்திருந்தார். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் போதும், கேமராவே தேவையில்லை. பாசி வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் நீலம் பரவும். தேவைதான் அந்த அழகைக் கொண்டுவந்தது.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1950களில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்த படங்கள் ஏறக்குறைய 28,000. அவற்றிலிருந்து 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் வந்தவை 83. அந்த 83ஐப் பார்த்து ரசிப்பது சரிதான். ஆனால் அவருடைய காண்டாக்ட் ஷீட்டுகளை, அதாவது ஒரு ஃபிலிம் சுருளின் எல்லாப் படங்களையும் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டவற்றை, பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தேர்ந்தெடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே ஒதுக்கிய படமும் இருக்கும். அது ஏன் ஒதுங்கியது என்று நீங்களே யோசிக்கும்போது கண் பழகுகிறது.

அதனால் ஒரு படம் பிடித்திருந்தால், அது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சேமியுங்கள். எழுத வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

அப்புறம், திரையை மூடிவிட்டுச் சீக்கிரமே டம்மி, அதாவது உங்கள் புத்தகத்தின் மாதிரிப் பிரதி, ஒன்றைக் கையால் செய்துபாருங்கள். ஒரு ஃபாரத்துக்கு (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி) பெரும்பாலும் 16 பக்கம். தாள்களை மடித்து, சின்ன பிரிண்ட்டுகளை ஒட்டிப் புரட்டினால் திரையில் தெரியாதவை தெரியவரும். நடு மடிப்பு ஒரு முகத்தை விழுங்கியிருக்கும். எதிரெதிரே வந்த இரண்டு படங்கள் ஒன்றையொன்று கெடுக்கும், சில சமயம் நாம் நினைத்தே பார்க்காத அர்த்தம் தரும். என் அனுபவத்தில் நல்ல யோசனைகள் அதிகம் பிறப்பது இங்கேதான். அந்த டம்மியை, படங்களை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். எதையும் விளக்காதீர்கள். அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று குறித்துக்கொண்டு வரிசையை மாற்றுங்கள்.