கெப்பாசிட்டரை எப்போது கழற்றுவது?

துணைமின் நிலையத்தை விட்டுக் கிளம்பும் ஃபீடர், அதாவது மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி, நீள நீள வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். கம்பியின் மின்தடை மட்டும் இதற்குக் காரணமல்ல. மாறுதிசை மின்சாரம் ஓடும்போது கம்பியைச் சுற்றி உருவாகும் காந்தப்புலமும் ஓட்டத்தைத் தடுக்கிறது. இதை ரியாக்டன்ஸ் என்பார்கள்.

மோட்டார்கள் இந்தச் சிக்கலைக் கூட்டுகின்றன. தமக்கு வேண்டிய காந்தப்புலத்துக்காகக் கொஞ்சம் ஆற்றலை வாங்கி, அடுத்த கணமே திருப்பிக் கொடுக்கின்றன. இப்படிப் போய்வரும் ஆற்றலால் எந்த வேலையும் நடப்பதில்லை. ஆனாலும் அதற்கான கரன்ட் கம்பி நெடுக ஓடியாக வேண்டும். ரியாக்டன்ஸில் வோல்டேஜை அதிகம் விழுங்குவது இந்தக் கரன்ட்தான்.

இதைச் சமாளிக்கத்தான் ஃபீடரில் கெப்பாசிட்டரை இணைக்கிறார்கள். அதுவும் ஆற்றலை வாங்கித் தருகிறது, ஆனால் நேர் எதிரான நேரத்தில். மோட்டார் கேட்கும்போது கொடுக்கும், மோட்டார் திருப்பித் தரும்போது வாங்கிக்கொள்ளும். கணக்கு பக்கத்திலேயே தீர்ந்துவிடுவதால் அந்தக் கரன்ட் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடலாம். 11,000 வோல்ட் ஃபீடரில், கெப்பாசிட்டர் இருக்கும் இடம் வரை ரியாக்டன்ஸ் 4 ஓம். அங்கே 600 கிலோவார் (போய்வரும் திறனை அளக்கும் அலகு) கெப்பாசிட்டர் தொகுப்பு ஒன்றை இணைத்தால் வோல்டேஜ் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். லோடு எவ்வளவு இருந்தாலும் இந்த உயர்வு கிட்டத்தட்ட அதேதான். மாலையில் கைகொடுத்த அந்த 2 சதவீதம், மோட்டார்கள் ஓய்ந்த நள்ளிரவில் வோல்டேஜை அளவுக்கு மேல் தூக்கிவிடலாம். அதனால்தான் சுவிட்ச் வேண்டியிருக்கிறது.

சுவிட்சுக்கு யார் சொல்வது? கடிகாரம் சொல்லலாம், வெப்பநிலை சொல்லலாம், ரியாக்டிவ் பவரை, அதாவது அந்தப் போய்வரும் திறனை, அளந்தும் முடிவு செய்யலாம். வோல்டேஜையே பார்த்துச் செய்வது எளிமையாகத் தோன்றும், ஆனால் அதில்தான் ஒரு பொறி இருக்கிறது. வோல்டேஜ் உரிய அளவின் 97 சதவீதத்துக்கு இறங்கினால் இணை, 98 சதவீதத்தைத் தாண்டினால் கழற்று என்று வைத்துப் பாருங்கள். இணைத்ததும் வோல்டேஜ் 99 ஆகும், உடனே கழலும், மறுபடி 97, மறுபடி இணையும். சுவிட்ச் சீக்கிரமே தேய்ந்துபோகும். எனவே இரண்டு எல்லைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கெப்பாசிட்டர் தரும் உயர்வைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். கொஞ்சம் தாமதமும் சேர்ப்பார்கள். பெரிய மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகும் நொடிச் சரிவுக்கெல்லாம் சுவிட்ச் விழித்துக்கொள்ளக் கூடாதல்லவா?

ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். கெப்பாசிட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 90 சதவீதமானால் அது தரும் உதவி 81 சதவீதமாகிவிடும். உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது தளர்கிறது.

அப்புறம், கழற்றிய உடனே திரும்ப இணைக்கக் கூடாது. உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். கம்பியின் வோல்டேஜ் அதற்கு எதிர்த்திசையில் இருக்கும் கணத்தில் சுவிட்ச் இணைத்தால், வழக்கமான உச்சத்தைப் போல 3 மடங்கை நெருங்கும் அதிர்ச்சி எழக்கூடும். அதனால் உள்ளேயே சிறு ரெசிஸ்டர்களை வைத்து மின்னூட்டத்தை வடியவிடுகிறார்கள். அது வடியும் வரை, வழக்கமாக 5 நிமிடம், வோல்டேஜ் எவ்வளவு தாழ்ந்தாலும் கன்ட்ரோலர் சுவிட்சைத் தொடாது.