பேஸ் கேட்டுப் போய் 'கும்' வாங்கி வராதீர்கள்

"பெட்டி சின்னதா அலமாரியில உட்காரணும், பேஸ் நல்லா இறங்கணும், சின்ன ஆம்ப்ல போட்டாலும் வீடு அதிரணும்." புதுச்சேரி நேரு வீதியானாலும் கடலூர் இம்பீரியல் ரோடானாலும், புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் கேட்டு வருகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். இதற்கு ஹாஃப்மன் இரும்பு விதி என்றே பெயர். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறைய சத்தம்: எந்த இரண்டைப் பிடித்தாலும் மூன்றாவது கைவிட்டுப் போகும். மூன்றும் இருக்கிறது என்று விற்கப்படும் பெட்டியில் ஏதோ ஒன்று ஒப்பனை. பெரும்பாலும் பேஸ்தான் ஒப்பனை.

எப்படி என்றால், நாலு அங்குல ஊஃபரால், அதாவது பெட்டியில் பேஸைத் தரும் ஸ்பீக்கரால், 50 ஹெர்ட்ஸை (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு; எண் குறையக் குறைய பேஸ் ஆழம்) ஒழுங்காகத் தள்ள முடியாது. அதனால் மலிவுப் பெட்டிகளில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மட்டும் சத்தத்தைத் தூக்கி வேண்டுமென்றே ஒரு மேடு கட்டிவிடுகிறார்கள். கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் 'ஆஹா' என்று இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே கும், அதே சுதி. கிக் டிரம் அடிப்பதும் பேஸ் கிட்டார் இறங்குவதும் ஒரே மாதிரி கேட்டால் அது பேஸ் இல்லை, பெட்டியின் சொந்தக் குரல். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆணின் பேச்சுக் குரல் ஏறத்தாழ 85-இல் தொடங்குகிறது. ஆக, இந்த மேடு ஏறி உட்காருவது பேஸ் கிட்டாரின் அடித்தந்தி மேல் இல்லை, பாடகரின் தொண்டை மேல்.

இதைப் பிடிக்கப் பாட்டே வேண்டாம். ஆண் குரலில் ஒரு வானொலிச் செய்தியைப் போட்டுக் கேளுங்கள். வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

பெட்டியின் பின்னால் எழுதியிருப்பது

முதலில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய எண், உச்ச பவர் என்று சொல்லிக்கொள்ளும் பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது, அவரவர் போட்டுக்கொள்வதுதான். தொடர்ந்து ஓடும் பவரைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் மட்டும் பேசட்டும்.

அடுத்தது ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ், அதாவது எந்தச் சுதியிலிருந்து எந்தச் சுதி வரை பெட்டி ஒலிக்கும் என்ற கணக்கு. '45 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதி வாக்கியம். 45-இல் சத்தம் எவ்வளவு குறைகிறது என்பது மற்றப் பாதி. 'பிளஸ் மைனஸ் 3 டெசிபல்' (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) என்று இருந்தால் நம்பலாம். 'மைனஸ் 10 டெசிபல்' என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த இடத்தில் பேஸ் பேருக்குத்தான் இருக்கிறது. 3 டெசிபல் கணக்கில் 65 என்று சொல்லும் ஒரு பெட்டியை 10 டெசிபல் கணக்கில் 45 என்று தாராளமாக விற்கலாம், பொய் சொன்னதாகவும் ஆகாது. இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது ஒரே கணக்கில் ஒப்பிடுங்கள். எந்தக் கணக்கும் போடாத பெட்டியை அந்த எண்ணை வைத்து மதிப்பிடவே வேண்டாம்.

ஊஃபர் அளவில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அதே சத்தத்தில் சுதியைப் பாதியாக இறக்க, அதாவது 100-இலிருந்து 50 ஹெர்ட்ஸுக்குப் போக, ஊஃபரின் அசையும் கூம்பான கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். நாலு அங்குலக் கோனுக்கு அவ்வளவு ஓட இடமில்லை. ஆறரை அங்குலக் கோனின் பரப்பு அதைப்போல இரண்டரை மடங்கு இருக்கும், அதனால் கொஞ்சம் அசைந்தாலே போதும். கம்ப்யூட்டர் மேசையில் இரண்டடி தூரத்தில் வைத்துக் கேட்க நாலு அங்குலம் தாராளம். எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஆம்ப் உள்ளேயே இருக்கும் 21+21 வாட்ஸ் பெட்டிகள் அதற்கென்றே இருக்கின்றன. ஹாலில் வைப்பதென்றால் ஐந்தேகால் அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாட்ஸ் பற்றிய பயம் தேவையில்லாதது. சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 போல 87 டெசிபல் சென்ஸிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்ற கணக்கு) உள்ள ஒரு ஜோடி, ஒரே ஒரு வாட்டில் சின்ன அறையை நன்றாகவே நிரப்பிவிடும். சேனலுக்கு 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். நிஜமாக இருந்தால் போதும். ஆபத்து எங்கே வருகிறது என்றால் ஆம்பில் உள்ள பேஸ் குமிழில். அதை 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் பத்து மடங்கு பவர் கேட்கும். 5 வாட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது 50 கேட்கும். ஆம்பிடம் 30 தான் இருக்கிறது, அலையின் தலை வெட்டுப்படுகிறது, அதில் பிறக்கும் கரகரப்பு மேல் சுதிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகிறது, முதலில் அதன் கம்பிச் சுருள் (காயில்) கருகுகிறது. 'பேஸ் ஏத்தினேன், ட்வீட்டர் போச்சு' என்பது புதிர் இல்லை, இந்த வழிதான். அசெம்பிள் ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் பெட்டியின் மின்தடையைச் சொல்லும் ஓமையும் பாருங்கள். 8 ஓமுக்கு என்று செய்த போர்டில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் ஹீட்சிங்க் தொட முடியாமல் சுடும்.

கையால் பார்க்கிற சோதனை

ஐந்தேகால் அங்குல ஊஃபர் உள்ள எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டி ஒன்று 4 கிலோவுக்கு மேல் இருப்பதுதான் வழக்கம். அதைவிட நன்றாகக் குறைந்தால் பலகை மெலிசு அல்லது காந்தம் சின்னது. பக்கவாட்டில் விரல் கணுவால் தட்டுங்கள். 'டொக்' என்றால் உள்ளே தாங்கு கட்டை இருக்கிறது. 'டம்ம்' என்று இழுத்தால் அந்தப் பலகையும் பாட்டோடு சேர்ந்து பாடும்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பெட்டி எடுக்கிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் விளிம்பு நம் கடலோர ஈரத்தில் மக்கிப் பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ விரலோடு வரும். ரப்பர் விளிம்பு பல வருஷம் தாங்கும். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் நடு மூடியைச் சுற்றி சமமாக வைத்து நேராக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். 'சரக் சரக்' என்று உரசினால் வாய்ஸ் காயில் கருகியோ கோணியோ இருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கடையில் கேட்கும்போது ஈக்வலைசர், லவுட்னஸ், எக்ஸ்ட்ரா பேஸ் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். இரண்டு பெட்டிக்கும் சத்தம் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும், விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்று போட்டுக்கொண்டு குறைந்த சத்தத்தில் 100, 80, 60, 50 என்று இறக்குங்கள். எந்த இடத்தில் சட்டென்று சத்தம் விழுகிறது, எங்கே போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் குழாய்) 'புஸ்' என்று ஊதுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40-க்குக் கீழே சத்தத்தை ஏற்றிப் பார்க்காதீர்கள். போர்ட் உள்ள பெட்டியில் அங்கே கோனுக்குக் காற்றின் பிடி இருக்காது, தறிகெட்டு ஆடி அடிபடும்.

வீட்டில் பேஸ் காணாமல் போவது

'கடையில் இருந்த பேஸ் வீட்டில் இல்லை' என்ற புகாரில் முதல் சந்தேகம் ஒயர் மேல்தான். ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு–கறுப்பு மாறிப் போயிருக்கும். ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும். சரிபார்க்க, இரண்டு பெட்டியையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் வையுங்கள். மோனோவாக, அதாவது இரண்டிலும் ஒரே ஒலி வரும்படி, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் மாற்றி மாட்டி மீண்டும் கேளுங்கள். எதில் பேஸ் தடித்து வருகிறதோ அதுதான் சரி. டெர்மினலில் நிறம் அழிந்துபோன பழைய பெட்டி என்றால் ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் செல்லை அரை நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே எழும்பினால், செல்லின் பிளஸ் தொட்ட பக்கம்தான் சிவப்பு.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். செம்பு என்று சொல்லி அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதையும் தருவார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த குற்றவாளி கடப்பாக்கல் அலமாரி. பெயரில் புக்‌ஷெல்ஃப் இருக்கிறதே என்று சுவர் அலமாரிக்குள் தள்ளி வைத்துவிடுகிறோம். பின்பக்கம் போர்ட் உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து குறைந்தது முக்கால் அடியாவது இடைவெளி வேண்டும். மூன்று பக்கமும் கல்லும் சிமெண்டும் சூழ்ந்தால் பேஸ் கூடத்தான் செய்யும், ஆனால் அது நாம் ஓடி வந்த அதே கும்தான். அலமாரியைத் தவிர வேறு இடமே இல்லை என்றால் வாங்கும்போதே முன்பக்கம் போர்ட் உள்ளதையோ போர்ட்டே இல்லாத மூடிய பெட்டியையோ கேளுங்கள். வைக்கும்போது பெட்டியின் முகம் அலமாரி விளிம்போடு சமமாக நிற்கட்டும்.

அறையின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், பெட்டியை மாற்றுவதைவிட இது பலன் தரும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்தச் சுதியில் அதிரும் என்று தெரியும். நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர், ஆக 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு அடிக்கு 48. இப்போது கட்டும் வீடுகளில் படுக்கையறை பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57-இல் கூடி நின்று அதிரும், அதன் இரட்டிப்பான 114-இலும் அதிரும். செய்தி வாசிப்பவர் குரல் குடத்துக்குள் போவது பெட்டியின் குற்றமாக இல்லாமல் அறையின் குற்றமாகவும் இருக்கலாம் என்பது இதனால்தான். உயரக் கூரையும் முற்றமும் உள்ள பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பேஸ் பத்தவில்லை என்பார்கள், பெட்டியைச் சுவர் அருகே நகர்த்தினால் சரியாகும்.

பத்தடி அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த 57 உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றரை, நாலு அடி தள்ளி நாற்காலியைப் போடுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்து கேட்கும் வீட்டில் மூன்றடி ஸ்டாண்டில் ஏற்றி வைப்பதில் அர்த்தமில்லை. திரைச்சீலையும் முட்டை அட்டையும் பேஸை ஒன்றும் செய்யாது. அவை மேல் சுதியை உறிஞ்சி, கும்மை இன்னும் எடுத்துக் காட்டும். அதற்குப் பதில் ஒரு பருத்திக் காலுறையைச் சுருட்டிப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பெட்டி ஏறக்குறைய மூடிய பெட்டியாகிவிடும். அளவு குறைந்து, அடி தெளிவாகும். காசில்லாத வைத்தியம், பிடிக்காவிட்டால் உருவிவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகு 'பர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் ஸ்பீக்கரைக் கழற்றும் முன் பீரோவின் கதவில் கை வையுங்கள். பாதி நேரம் பீரோதான்.

உப்புக் காற்று

கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஸ்ப்ரிங் கிளிப் டெர்மினலைத் தவிர்த்து, திருகு வைத்த டெர்மினல் உள்ள பெட்டியாக எடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒயர் நுனியில் பச்சை பூத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு இருபது முறை திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எம்டிஎஃப் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. 2011 தானே, 2024 ஃபெஞ்சல் போன்ற புயல்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களில், தரையில் இருக்கும் பெட்டியின் அடிப்பலகை பிஸ்கட் போல ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆனால் தண்ணீர் ஊஃபர் வரை ஏறவில்லை என்றால் ஊஃபர், ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் மூன்றும் பெரும்பாலும் பிழைக்கும். அவற்றைக் கழற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தி வைத்துவிட்டு, தச்சரிடம் 18 மி.மீ. ஐ.எஸ். 710 தர மெரைன் பிளைவுட்டில் புதுப் பெட்டி செய்யச் சொல்லலாம். அவர் 'கொஞ்சம் பெருசா, பார்வையா பண்ணித் தரேன்' என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய பெட்டியின் உள் அளவுகளை எழுதிக் கொடுங்கள், போர்ட் குழாயின் விட்டமும் நீளமும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் இருக்கட்டும்.